முளை பார்க்காத விதைநெல்

எங்கள் வாப்பா வயல்காரர். பெரும்போக விதைப்பு நெருங்கும் நாட்களில், பின்னறையில் அடுக்கி வைத்திருக்கும் விதைநெல் மூட்டை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி எடுப்பார். அதில் நூறு மணிகளை எண்ணி, நனைத்த சாக்குத் துண்டில் பரப்பிச் சுருட்டி, குசினி மூலையில் வைத்துவிடுவார். ஐந்தாம் நாள் சுருளை அவிழ்த்து, முளைத்த மணிகளை எண்ணுவது என் வேலை. எண்ணிக்கை எண்பத்தைந்துக்குக் குறைந்தால் அந்த மூட்டை விதைப்புக்குப் போகாது, மில்லுக்குப் போய்விடும்.

“நல்லாக் காய வச்சுத்தானே வாப்பா கட்டினீங்க, பிறகு என்னத்துக்குப் பாக்கிற?” என்று ஒருமுறை கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, “மகள், கண்ணுக்கு எல்லாம் நெல்லுதான். முளச்சாத்தான் விதை” என்றார்.

அந்தப் பேச்சை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இக்கல்லூரியில் உயர்தரம் படித்து, பல்கலைக்கழகம் போய், எட்டு வருடங்களாகக் கொழும்பில் தரவுச் சேமிப்புத் துறையில் வேலை செய்கிறேன். என் கையில் இப்போது நெல் இல்லை, வன்தட்டுகளும் ஒளியிழை வடங்களும்தான். ஆனால் நான் செய்ய வேண்டிய வேலை வாப்பா குசினி மூலையில் செய்த அதே வேலை என்பதை இத்துறைக்கு வந்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன். நம் நாட்டில் அந்த வேலை சரியாக நடப்பதில்லை என்பதே என் கருத்து. வேகமான சேமிப்புக் கருவிகளைப் பெரும் பணம் கொடுத்து வாங்குகிறோம், விழா எடுத்துத் திறக்கிறோம். உள்ளே போட்டது திரும்பி வருமா என்று எடுத்துப் பார்ப்பதில்லை. முளை பார்க்காத விதைநெல்லைப் போலத் தரவுகளைக் கட்டி வைத்திருக்கிறோம்.

சேமிப்பு வலையமைப்பு என்றால் என்ன?

தங்கைகளுக்கு முதலில் விடயத்தை எளிதாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக் கணினியில் வன்தட்டு அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பெட்டி பழுதானால் உள்ளே இருப்பதும் சிக்கிக்கொள்ளும். ஒரு வங்கியிலோ பெரிய வைத்தியசாலையிலோ அப்படி வைக்க முடியாது. அங்கே நூற்றுக்கணக்கான சேர்வர்கள் இருக்கும். தரவுகள் அவற்றுக்குள் இருக்காது. தனியாக ஒரு களஞ்சியத்தில் இருக்கும். சேர்வர்களையும் களஞ்சியத்தையும் இணைக்கும் தனிப் பாதைதான் சேமிப்பு வலையமைப்பு. ஒரு சேர்வர் செத்துப்போனாலும் களஞ்சியத்தில் உள்ளது அப்படியே இருக்கும். இன்னொரு சேர்வர் அதே பாதையால் வந்து எடுத்துக்கொள்ளும்.

1990களின் நடுப்பகுதியில் ‘ஃபைபர் சனல்’ என்ற முறை இதற்காகவே வந்தது. தொடக்கத்தில் செக்கனுக்கு ஒரு கிகாபிட் அளவில் ஓடியது, இப்போது 64 கிகாபிட்டையும் தாண்டிவிட்டது. அதற்கென்று தனிக் கருவி வேண்டும், விலையும் அதிகம். 2004ஆம் ஆண்டு ‘ஐ-ஸ்கஸி’ என்ற முறை பொது நியமமாக வெளியானது. நம் பாடசாலைக் கணினி அறையில் ஓடும் சாதாரண வலையமைப்பு வடத்திலேயே சேமிப்புத் தரவையும் அனுப்பலாம் என்று அது ஆக்கியது. சிறிய நிறுவனங்களுக்கும் இந்தக் கதவு திறந்தது அப்போதுதான்.

இதில் ஒரு பொது விதி உண்டு. ஒவ்வொரு சேர்வரிலிருந்தும் களஞ்சியத்துக்கு இரண்டு பாதைகள் இருக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு சுவிட்ச் வழியாகப் போக வேண்டும். ஒன்று அறுந்தால் மற்றது தாங்கும். கடற்கரை வீதி அடைபட்டால் பிரதான வீதியால் போவது போலத்தான்.

ஒரு சனிக்கிழமை இரவு

சில வருடங்களுக்கு முன் நான் பணிபுரிந்த ஒரு நிறுவனம் புதிய சேமிப்பு வலையமைப்பொன்றை வாங்கியது. விற்றவர்கள் வந்து பொருத்தினார்கள். பெரிய திரையில் வேகத்தைக் காட்டினார்கள். பழைய கருவியில் நாற்பது நிமிடம் எடுத்த வேலை மூன்று நிமிடத்தில் முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், தேநீரும் பட்டீஸும் வந்தன. ஏற்றுக்கொண்டதாகப் பத்திரத்தில் ஒப்பமும் வைக்கப்பட்டது.

நான் மட்டும் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டேன். “ஒரு வடத்தைக் கழற்றிப் பார்த்தீர்களா, சேர்?” 

மேலாளர் கோபப்படவில்லை. ஆனால், “நல்லா ஓடுற ஒன்றை ஏன் மிஸ் குழப்ப வேணும்?” என்றார். இந்தப் பதிலை அதற்குப் பிறகும் எத்தனையோ இடங்களில் கேட்டிருக்கிறேன்.

மூன்று வாரம் விடாமல் கேட்டதில், ஒரு சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குச் சோதிக்க அனுமதி கிடைத்தது. காக்கா என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வரவேற்பறையில் நித்திரை தூங்கிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு வடத்தைக் கழற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. அது நல்ல அடையாளம். அடுத்ததாக இரண்டு சுவிட்சுகளில் ஒன்றின் மின்சாரத்தை நிறுத்தினோம். மூன்று சேர்வர்கள் அப்படியே உறைந்து நின்றன.

காரணத்தைத் தேடிப் பின்பக்கம் போய் டோர்ச் அடித்துப் பார்த்தோம். வரைபடத்தில் ஒவ்வொரு சேர்வருக்கும் இரண்டு வடங்கள் இரண்டு சுவிட்சுக்குப் போவதாகத்தான் கீறப்பட்டிருந்தது. ஆனால் அந்த மூன்றிலும் இரண்டு வடங்களும் ஒரே சுவிட்சில் செருகப்பட்டிருந்தன. நீளமான வடங்கள் பொருத்திய அன்று முடிந்துபோயிருக்க வேண்டும். யாரோ ஒருவர் எட்டிய இடத்தில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். வேகச் சோதனையில் இது தெரியவே தெரியாது. சரிசெய்ய இருபது நிமிடம் போதுமாக இருந்தது.

அந்த இரவில் இன்னொன்றும் செய்தோம். நாள்தோறும் எடுக்கப்பட்டு வந்த காப்புப் பிரதியிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பார்த்தோம். மூன்று மாதமாக ஒவ்வொரு காலையும் ‘வெற்றி’ என்று பச்சை நிறத்தில் அறிக்கை வந்துகொண்டிருந்தது. மீட்கப் போனால் கோப்பு இல்லை. புதிய கருவிக்கு மாறியபோது கோப்புறையின் பெயர் மாறியிருந்தது. காப்பு மென்பொருளோ பழைய பெயரிலிருந்த வெறும் கோப்புறையைத்தான் இரவிரவாகப் பிரதி எடுத்திருக்கிறது. வெறுமையைப் பிரதி எடுப்பதும் அதற்கு வெற்றிதானே!

யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்கவில்லை. யாரும் சோம்பேறியும் இல்லை. எடுத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் இருக்கவில்லை. அதன் பிறகு மேலாளரே மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையை நாட்காட்டியில் போட்டுவிட்டார் என்பதையும் நன்றியுடன் சொல்ல வேண்டும்.

நாடு கண்ட பாடம்

இது ஒரு தனி நிறுவனத்தின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி நம் அரசாங்கத்தின் மேகச் சேமிப்பகமான ‘லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்’ கப்பம் கேட்கும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவையைச் சில மணித்தியாலங்களுக்குள் மீண்டும் இயக்கிவிட்டார்கள். ஆனால் அவ்வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை. தாக்கப்பட்ட தொகுதியோடு இணைந்திருந்த காப்புப் பிரதிகளையும் அதே தீநிரல் பூட்டிவிட்டது. அந்தக் காலத்துக்கு, இணைப்பிலிருந்து கழற்றி வைத்த வேறு பிரதி இல்லை. மின்னஞ்சல் மென்பொருளும் காலாவதியான பதிப்பாக இருந்தது. புதுப்பிக்கும் திட்டம் பணமின்மையாலும் வேறு காரணங்களாலும் தள்ளிப்போயிருந்தது. நாளாந்தம் இணைப்பற்ற பிரதி எடுக்கும் ஏற்பாடு தாக்குதலுக்குப் பிறகே அறிவிக்கப்பட்டது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2021இல், தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் பெருமளவில் அழிக்கப்பட்ட விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. நம் வைத்தியசாலைகளுக்கு வரும் மருந்துகளைப் பதிவுசெய்யும் சபை அது. நோயாளிக்குக் கொடுக்கும் குளிசைக்கும் ஒரு சேமிப்பகத்தில் கிடக்கும் கோப்புக்கும் எவ்வளவு நெருங்கிய தொடர்பு என்பதைப் பலர் அன்றுதான் அறிந்தார்கள்.

வறிய நாடு, அதனால்தான் இப்படி என்று சிலர் சொல்வார்கள். தகவல் தொழில்நுட்பத்தில் உலகுக்கே முன்னால் நிற்கும் தென்கொரியாவைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 26ஆம் திகதி தேஜோன் நகரில் அந்நாட்டு அரசின் தரவு மையத்தில் மின்கலம் ஒன்று தீப்பற்றியது. அரச ஊழியர்கள் தம் வேலைக் கோப்புகளை வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ என்ற களஞ்சியம் எரிந்துபோனது. அதிலிருந்தது 858 டெராபைட். வெளியிடத்தில் அதற்குப் பிரதி இருக்கவில்லை. கொள்ளளவு மிகப் பெரியது, அதனால் பிரதி எடுக்க இயலவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம்.

வேகம் எங்கே தேவைப்படுகிறது?

இந்தக் காரணத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயர்தரக் கணித மாணவிகள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பைட் என்பது எட்டு பிட். 858 டெராபைட்டைச் செக்கனுக்கு 100 மெகாபிட் போகும் பாதையில் அனுப்பினால், ஒரு நொடியும் நிற்காமல் ஓடினாலும், 794 நாட்கள் ஆகும். இரண்டு வருடத்துக்கு மேல். ஒரு கிகாபிட் பாதையில் 79 நாட்கள். 10 கிகாபிட்டில் ஏறக்குறைய 8 நாட்கள். 100 கிகாபிட்டில் 19 மணித்தியாலம்.

அதிவேக சேமிப்பு வலையமைப்பு ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. படம் விரைவாகத் திறக்க வேண்டும், பக்கம் உடனே வர வேண்டும் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். களஞ்சியம் வளரும் வேகத்தைவிடப் பிரதி எடுக்கும் வேகம் குறைந்தால், ஒரு நாள் பிரதி எடுப்பதையே கைவிட்டுவிடுவோம். மீட்பதற்கும் இதே கணக்குத்தான். பிரதி இருந்தும், அதைத் திரும்பக் கொண்டுவர எழுபத்தொன்பது நாள் என்றால், ஒரு வைத்தியசாலைக்கு அந்தப் பிரதியால் என்ன பயன்?

எனவே புதிய தொழில்நுட்பத்தை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கத்தான் வேண்டும். ஆனால் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு வேகமாக ஓடும் என்பதோடு நின்றுவிடக் கூடாது. எல்லாம் போனால் எத்தனை மணித்தியாலத்தில் திரும்பக் கிடைக்கும்? அதை எங்கள் கண்முன்னே செய்துகாட்டுவீர்களா? இந்த இரண்டையும் கேட்காமல் ஒப்பம் வைக்கக் கூடாது.

எங்கள் கரை அறிந்தது

பக்கத்திலிருக்கும் பிரதி வேகமானது, தூரத்திலிருக்கும் பிரதி பாதுகாப்பானது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் கரையோரத்துப் பிள்ளைகளுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26. நான் அப்போது தரம் ஆறு. சாய்ந்தமருதில், கடலிலிருந்து இரண்டு வீதி தள்ளி எங்கள் வீடு. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் காலையில் போனார்கள். எங்கள் உம்மம்மாவும் போனார்.

உம்மா கவனமான பெண். றங்குப் பெட்டிக்குள் எங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, குடும்பப் படங்கள் எல்லாம் பொலித்தீன் உறையில் சுற்றி இருந்தன. அது மட்டுமில்லை. வீடு தீப்பிடித்தால் என்ன செய்வது என்று யோசித்து, உறுதியின் போட்டோப் பிரதியையும் படங்களில் இன்னொரு படியையும் மாமி வீட்டில் கொடுத்து வைத்திருந்தார். மாமி வீடு அடுத்த ஒழுங்கை. பெட்டியை எடுத்துச் சென்ற அலையே அதையும் எடுத்துச் சென்றது.

காணி உறுதி எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ஏனென்றால் நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது ஒன்றை உரியவரிடம் கொடுத்து, ஒப்பமிட்ட இன்னொரு படியைத் தன்னிடம் வைத்து, மற்றொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். கணினி என்ற சொல்லே இல்லாத காலத்தில் போட்ட விதி அது. மூன்று படி, மூன்று இடம். வாப்பா அலைந்து திரிந்து பதிவகத்துப் படியிலிருந்து பிரதி எடுத்து வந்தார். பிறப்புப் பதிவுகளும் அவ்வாறே பதிவகப் புத்தகத்திலிருந்து கிடைத்தன.

உம்மம்மாவின் படம் கிடைக்கவில்லை. அதற்கு மூன்றாவது இடம் இருக்கவில்லை. எங்கள் மகன்மார், மகள்மார் யாருக்கும் அவருடைய முகம் தெரியாது. உம்மா சில வேளை எங்கள் சின்னத் தங்கச்சியின் நெற்றியைக் காட்டி, “இப்படித்தான் இருப்பா” என்று சொல்வார். அவ்வளவுதான் எங்களிடம் மிஞ்சியிருக்கிறது.

தொழிலில் நான் இதே சிக்கலைத் தினமும் சந்திக்கிறேன். ஒளியிழைக்குள் ஒளி ஒரு மில்லிசெக்கனில் ஏறக்குறைய 200 கிலோமீற்றர் போகும். கல்முனைக்கும் கொழும்புக்கும் வீதிவழியே வடம் இழுத்தால் சுமார் 350 கிலோமீற்றர். போய்த் திரும்ப மூன்றரை மில்லிசெக்கன். சின்ன நேரம்தான். ஆனால் பக்கத்திலுள்ள களஞ்சியம் அதில் பல பத்துத் தடவை எழுதி முடித்துவிடும். ஒவ்வொரு எழுத்துக்கும் கொழும்பிலிருந்து ‘கிடைத்தது’ என்று பதில் வரும் வரை காத்திருந்தால் வேலை தவழும். எந்தக் கருவியை வாங்கினாலும் ஒளியின் வேகத்தைக் கூட்ட முடியாது. ஆகவே உடனுக்குடன் எழுதும் பிரதியைப் பக்கத்தில் வைப்பார்கள். சற்றுத் தாமதித்துப் போகும் பிரதியைத் தூரத்தில் வைப்பார்கள். இரண்டும் வேண்டும். செலவு கருதி ஒன்றை வெட்டுபவர்கள் பெரும்பாலும் தூரத்துப் பிரதியைத்தான் வெட்டுகிறார்கள். அந்த வேளையில் எனக்கு மாமி வீடு ஞாபகம் வரும்.

மூன்று மறுப்புகள்

இதைச் சொல்லும்போது வழக்கமாக மூன்று பதில்கள் வரும்.

முதலாவது, “இதெல்லாம் பெரிய இடங்களுக்கு. நம் ஊர்ப் பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் எதற்கு?” ஒரு பாடசாலையில் இரண்டு டெராபைட் அளவு படங்களும் பதிவேடுகளும் சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 100 மெகாபிட் பாதையில் அதைப் பிரதி எடுக்க 44 மணித்தியாலம் போகும். ஒரு கிகாபிட் பாதையில் நாலரை மணித்தியாலம். இன்று சாதாரணமாகக் கடையில் வாங்கும் சுவிட்சே ஒரு கிகாபிட்தான். மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. இல்லாதது அதைப் பொறுப்பேற்று வருடத்தில் இரண்டு முறை சோதித்துப் பார்க்கும் ஆள்.

இரண்டாவது, “எல்லாம் கிளவுட்டில் இருக்கிறது. அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.” கிளவுட் என்பது வானத்தில் இல்லை. வேறொருவரின் கட்டிடத்தில், வேறொருவரின் வன்தட்டில் இருக்கிறது. அந்தக் கட்டிடத்திலும் தீப்பிடிக்கும் என்பதைக் கொரியா காட்டிவிட்டது. நல்ல நிறுவனங்கள் உண்டு, நானும் பாவிக்கிறேன். அமானிதத்தை ஒருவரிடம் ஒப்படைத்தாலும் அது பத்திரமாக இருக்கிறதா என்று விசாரிக்கும் பொறுப்பு உரியவரை விட்டுப் போவதில்லை.

மூன்றாவது பதில்தான் கடினமானது. “சோதிக்கப் போய் ஓடுகின்றதும் நின்றுவிட்டால்?” நியாயமான பயம். சோதனையில் சில வேளை நிற்கத்தான் செய்யும். ஆனால் எல்லோரும் விழித்திருக்கும்போது, நேரம் குறித்து, ஆட்களைத் தயாராக வைத்து நிறுத்துவது வேறு, பெருநாள் இரவில் தானாக நிற்பது வேறு. குர்ஆன் மத்ரஸாவில் உஸ்தாத் முன்னிலையில் பாடம் கொடுக்கும் பிள்ளை தடுமாறினால் அங்கேயே திருத்திக்கொள்கிறது. தடுமாறுமே என்று பயந்து பாடம் கேட்காமல் விட்ட உஸ்தாதை நாம் கண்டதுண்டா?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பெண் பிள்ளை இரவில் சேர்வர் அறைக்குப் போவதா என்று யோசிக்கும் பெற்றோரை நான் குறைசொல்ல மாட்டேன். என் வாப்பாவும் யோசித்தார். அதனால்தான் அன்று காக்கா வரவேற்பறையில் தூங்கினார். இப்போது என் வேலையில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே செய்கிறேன். களஞ்சியம் எங்கோ இருக்கிறது, நான் வலையமைப்பு வழியாக அதனோடு பேசுகிறேன். நமது ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தொழில்நுட்ப பீடத்தோடு இருக்கிறது. வாசலுக்கு வந்திருக்கும் கல்வியை எட்டிப் பார்க்காமல் விடக் கூடாது.

இத்துறையில் கெட்டிக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். புதிய கருவியைப் பொருத்த ஆயிரம் பேர் வருவார்கள். சலிக்காமல் சோதிக்கிறவர்கள்தான் குறைவு. வரைபடத்தை நம்பாமல் டோர்ச் அடித்துப் பார்க்கும் கண், பச்சை விளக்கை நம்பாமல் கோப்பைத் திறந்து பார்க்கும் பொறுமை, ‘ஏன் குழப்புகிறீர்கள்’ என்று கேட்டாலும் மரியாதையோடு மறுபடி கேட்கும் துணிவு இவற்றுக்குப் பெரிய பட்டம் தேவையில்லை. அச்சாறைப் போத்தலில் போட்டுவிட்டு நாலாம் நாள் திறந்து பார்க்கும் நம் உம்மாமாரிடம் அந்தக் குணம் நிறையவே இருக்கிறது. அதைப் பிள்ளைகள் தொழிலுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

டிசம்பர் 26ஐ நாடு தேசிய பாதுகாப்பு தினமாக நினைவுகூருகிறது. காலை 9.25இலிருந்து இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறோம். அது விடுமுறைக் காலம், பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பிறகு ஓர் அரை மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்குவோம்.

வீட்டில் உள்ள முக்கிய ஆவணங்களுக்கும் படங்களுக்கும் எத்தனை பிரதி இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். எல்லாமே ஒரே கைத்தொலைபேசியில் என்றால் அது ஒரு பிரதிகூட இல்லை. ஒன்றாவது கடற்கரையை விட்டுத் தூரத்தில், கண்டியிலோ கொழும்பிலோ உள்ள உறவினர் வீட்டில் அல்லது நம்பகமான கிளவுட் கணக்கில் இருக்கட்டும். கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். பிறகு பிரதியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கோப்புகளைத் தெரிவுசெய்து, வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். ஐந்தும் திறந்தால் அல்ஹம்துலில்லாஹ். ஒன்று திறக்காவிட்டாலும் அன்றே தெரிந்துகொண்டதற்கு நன்றி சொல்லுங்கள்.

நம் கல்லூரி நூலகத்தில் இச்சஞ்சிகையின் பழைய இதழ்கள் இருக்கின்றன. சிலவற்றுக்கு ஒரே ஒரு படிதான் உண்டு. தகவல் தொழில்நுட்ப மாணவிகள் அவற்றை ஸ்கேன் செய்து மூன்று இடத்தில் வைக்கும் வேலையை இவ்வருடமே தொடங்கலாம். வருடந்தோறும் எடுத்துப் பார்க்கும் பொறுப்பை அடுத்த அணியிடம் கையளித்துச் செல்லலாம். அதற்கு நான் வந்து உதவக் காத்திருக்கிறேன்.

வாப்பாவுக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வயலைக் காக்கா பார்க்கிறார். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது குசினி மூலையில் நனைந்த சாக்குச் சுருள் ஒன்று கிடந்தது. காக்காவின் மகள் அதை அவிழ்த்து, தரையில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றொன்று என்றாள். வாப்பா கதிரையில் இருந்தபடி, “இன்னொருக்கா எண்ணிப் பாருங்க மகள்” என்றார்.